செப்டம்பரில் கோத்தகிரி: கூட்டமில்லாமல் மலையில் நாலு நாள் இருப்பது எப்படி

மலைக்குப் போகலாம் என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஊரைப் பிடிக்கிறார்கள், அடுத்து ரூம், கடைசியில் ஆபீசில் எப்போது லீவு கிடைக்கிறதோ அந்தத் தேதி. ஜாலியாகச் சுற்றிவர இது போதும். சத்தமில்லாமல் கிடக்க வேண்டும் என்றால் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் தேதி, அப்புறம் மலையின் எந்தப் பக்கம் என்பது, அதற்கப்புறம்தான் வீடு. தேதி தப்பினால் எவ்வளவு நல்ல ஊரும் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் ஆகிவிடும்.

நான் சொல்லும் தேதி செப்டம்பர் முதல் மூன்று வாரங்கள், அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை. பள்ளிகளில் அப்போது காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கும் அல்லது நடந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாரும் வெளியூர் கிளம்ப மாட்டார்கள். தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் கதை மாறிவிடும். அதோடு காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, தீபாவளி என்று வரிசையாக வர, ஊட்டிக்காரர்கள் ‘செகண்ட் சீசன்’ என்று சொல்லும் கூட்டம் ஏறத் தொடங்கும். ஓணம் எந்தத் தேதியில் வருகிறது என்றும் ஒருமுறை காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த வாரம் கேரள வண்டிகள் நீலகிரி முழுக்க நிற்கும். ஆவணியில் முகூர்த்த நாட்கள் உண்டு என்பதால் பெரிய ரிசார்ட்டுகளில் கல்யாணம் நடக்கலாம். புரட்டாசி பிறந்துவிட்டால், அதாவது செப்டம்பர் 17 வாக்கில், அந்தத் தொந்தரவும் இல்லை. என்னைக் கேட்டால் புரட்டாசி முதல் வாரம்தான் முதல் தேர்வு. அசைவம் சாப்பிடாதவர்கள் அதிகமாகிவிடுவதால் பிரியாணிக் கடைகள்கூட அமைதியாக இருக்கும்.

சரி, ஏன் கோத்தகிரி? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றும் ஒரே மாவட்டம், ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரப் பயணம், ஆனால் மழை மூன்றுக்கும் ஒரே மாதிரி பெய்வதில்லை. நடுவில் 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வலுவாக இருக்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, இந்த மலையைத் தாண்டிக் கிழக்கே வரும்போது இளைத்துவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது ஞாபகம் இருக்கலாம். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு அது முக்கியமான மழை இல்லை. இதன் முறை அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. அப்போது இந்தப் பக்கம் விளையாட்டு இல்லை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆக, மேற்கு மழை தணிந்து கிழக்கு மழை இன்னும் வராத இடைவெளிதான் செப்டம்பர். மண்ணில் ஈரம் இருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், தேயிலை பச்சையாக இருக்கும், காலை நேரங்களில் வானமும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். மதியத்துக்கு மேல் இடியோடு ஒரு மழை வந்து போகலாம், அதை எதிர்பார்த்தே நாளைத் திட்டமிட வேண்டும்.

மேலைநாட்டுப் படங்களில் வருவது போல மஞ்சளும் சிவப்புமாக இலை உதிர்வதை இங்கே தேட வேண்டாம். சோலைக்காட்டு மரங்கள் ஆண்டு முழுக்கப் பசுமையாகவே நிற்பவை, செப்டம்பரிலும் துளிரில்தான் கொஞ்சம் சிவப்பு தெரியும். பருவம் மாறுவது வேறு விதத்தில் தெரியும். உதாரணத்துக்கு, சாம்பல் வாலாட்டி என்ற சின்னப் பறவை இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிர்காலத்தைக் கழிக்க வரும், வலசை வருபவற்றில் முந்திக்கொள்ளும் ஆள் அது. ரோட்டோர ஓடையில், ஈரமான பாறையில், வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் மஞ்சள் வயிற்றுக் குருவியைப் பார்த்தால் அதுதான்.

உயரம் சுமார் 1,800 மீட்டர் என்பதால் ஊட்டி அளவுக்குக் குளிராது. பகலில் 20 டிகிரியை ஒட்டி, ராத்திரியில் பதினைந்துக்குக் கொஞ்சம் மேலே கீழே. ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக் கோட்டு, காதை மூட ஒரு மப்ளர் போதும். ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது, லேசான பேன்ட் எடுத்துப் போங்கள். செருப்பை வீட்டுக்குள் போட வைத்துக்கொண்டு, வழுக்காத அடியுள்ள ஷூ ஒன்று கட்டாயம். கூடுதலாக இரண்டு ஜோடி சாக்ஸ், அப்புறம் ஒரு டார்ச். முட்டி வலிக்காரர்கள் கைத்தடியை வெட்கப்படாமல் எடுத்துவரலாம், இங்கே தெரு என்றாலே ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம்.

கிளம்புவதற்கு முன் இரண்டு விஷயங்கள். ஒன்று, இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இது வேண்டும், கோத்தகிரியும் நீலகிரிதான், அதனால் இங்கேயும் அதே பாஸ். ஆன்லைனில் வண்டி எண்ணையும் வரும் தேதியையும் போட்டால் கிடைத்துவிடும், பணம் கிடையாது. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை. விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பிளாஸ்டிக். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கேரி பேக் எல்லாம் மாவட்டத்துக்குள் தடை, சோதனைச் சாவடியில் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி, ராத்திரி ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கே இறங்கியதும் எல்லோரும் ஓடுவது எதிர் பிளாட்பாரத்தில் நிற்கும் மலை ரயிலுக்கு. நீங்கள் ஓட வேண்டாம். அது குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போவது, கோத்தகிரிக்கு வராது. வெளியே வந்து சூடாக ஒரு டீ குடித்துவிட்டு கோத்தகிரி பஸ் பிடித்தால் 33 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி. சொந்த வண்டி என்றால் ஊரைத் தாண்டும்போது குன்னூர் சாலை ஒரு பக்கமும் கோத்தகிரி சாலை ஒரு பக்கமும் பிரியும், பேச்சு சுவாரஸ்யத்தில் பர்லியாறு பக்கம் ஏறிவிடாமல் பலகையைப் பாருங்கள். கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை சாவடி தாண்டி மேலே போகும் பகுதி யானைகள் நடமாடும் இடம், பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் இன்னும் அதிகம். பகலிலேயே ஏறிவிடுவது நல்லது. யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள், அது போன பிறகு போங்கள்.

சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் கருகிய வாடை வரும். வளைவில் தலை சுற்றுகிறவர்கள் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் சீட்டில் உட்காருங்கள், போனைப் பார்க்காமல் ரோட்டையே பாருங்கள். வெறும் வயிறும் கூடாது.

வீடு பார்ப்பதில்தான் பெரும்பாலும் சறுக்கும். படங்களில் எல்லா இடமும் அமைதியாகத்தான் தெரியும், படத்துக்குச் சத்தம் கிடையாதே. அதனால் போனில் பேசுங்கள், ஆப்பில் பதிவு செய்வதோடு நிறுத்தாதீர்கள். நான் கேட்பவை இவை: மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் தேயிலை ஃபேக்டரி இருக்கிறதா (இலை வரத்து அதிகமுள்ள நாட்களில் ராத்திரியிலும் இயந்திரம் ஓடும்), கேம்ப் ஃபயர் உண்டா, ஸ்பீக்கர் அனுமதி உண்டா, அந்தத் தேதியில் ஏதாவது குரூப் புக்கிங் இருக்கிறதா. ‘கேம்ப் ஃபயர், மியூசிக் எல்லாம் அரேஞ்ச் பண்ணித் தர்றோம் சார்’ என்று உற்சாகமாகச் சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள், அதே வாக்கியத்தைப் பக்கத்து ரூம்காரருக்கும் சொல்லியிருப்பார்கள். வெந்நீர் எந்நேரமும் வருமா, மின்சாரம் போனால் என்ன வழி, சாப்பாடு அங்கேயே சமைப்பார்களா என்பதையும் கேளுங்கள். ஊருக்கு வெளியே எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீடு என்றால் இந்தச் சாப்பாட்டுக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் இருட்டிய பிறகு சாப்பாடு தேடி டவுனுக்குப் போய்வருவது சரிப்படாது, கடைகளும் சீக்கிரம் அடைத்துவிடும். வார நாட்களில் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம், மூன்று ராத்திரிக்கு மேல் தங்குவதாகச் சொன்னால் குறைப்பார்கள்.

இருட்டிய பிறகு போகக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் கரடி. கோத்தகிரி வட்டாரத்தில் கரடி வீதிக்கு வருவது செய்தித்தாளில் அடிக்கடி வரும் விஷயம், தேயிலைக்குள் பதுங்கிக் கிடந்து சாயங்காலத்துக்கு மேல் வெளியே வரும். பகலில் காட்டுமாடு நிற்கும், கருத்து, பெருத்து, கால்களுக்கு வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. பார்க்கச் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும், கிட்டே போனால் தூக்கி எறிந்துவிடும். செல்பிக்காக யாராவது நெருங்கினால் அவர்களை விட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். நடக்கிறது எல்லாம் நன்றாக விடிந்த பிறகு, ஆறு மணிக்குள் வீடு, நாலு எட்டு வைப்பதற்குக்கூட கையில் டார்ச். மிச்சம் மீதிச் சாப்பாட்டை வாசலில் வைக்காதீர்கள்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒரு இடம். அதற்கு மேல் வேண்டாம். டிராவல்ஸ்காரர் ஒரே நாளில் எட்டு பாயின்ட் காட்டுகிறேன் என்பார், எட்டிலும் நீங்கள் பார்ப்பது பார்க்கிங்தான். காலை ஏழரைக்குக் கிளம்பி பதினோரு மணிக்குள் முடித்துவிட்டு வீடு திரும்பினால் கூட்டமும் இல்லை, மழையும் இல்லை. மதியம் தூங்குங்கள்.

கொடநாடு காட்சிமுனைக்கு கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர், டவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு பஸ்ஸே போகிறது. காரை வீட்டில் விட்டுவிட்டு இதில் போங்கள் என்பேன். தேயிலை பறிக்கப் போகிறவர்கள், ரேஷன் பையோடு ஏறுகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஜன்னலோரத்தில் வளைந்து வளைந்து வரும் பள்ளத்தாக்கு, எல்லாம் ஒரு டிக்கெட்டில். முனையில் நின்றால் கீழே மோயாறு, தெங்குமரஹடா கிராமத்தின் வயல்கள், வானம் தெளிவாக இருந்தால் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு வரை தெரியும். மலை சட்டென்று முடிந்து சமவெளி தொடங்கும் விளிம்பு இது. பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி மூடிவிடும் நாட்கள் உண்டு, அதனால்தான் காலையிலேயே போகச் சொல்கிறேன். கொடநாடு என்றதுமே ஜெயலலிதா பங்களா எங்கே என்று விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கிறது, வெளியே நின்றால் கேட்டும் காவலும்தான்.

இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது லாங்வுட் சோலை. டவுனிலிருந்து சில கிலோமீட்டரில், 116 ஹெக்டேர் மட்டுமே மிஞ்சியிருக்கும் சோலைக்காடு, 2024-ல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். சோலை என்றால் சமவெளிக்காரர்களுக்குத் தோட்டம் போலக் கேட்கும், இது அடர்ந்த குட்டை மரங்களும் பாசியும் பெரணியும் மக்கிய இலைகளுமாக, மழைத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக ஓடையில் விடும் காடு. கீழே இருக்கும் ஊர்களுக்குக் குடிதண்ணீர் இதிலிருந்துதான் போகிறது. விறகுக்கும் ஆக்கிரமிப்புக்கும் கரைந்துகொண்டிருந்த இதைக் காப்பாற்ற ஊர்க்காரர்களே குழு சேர்ந்து வனத்துறையோடு நின்றார்கள் என்பது கூடுதல் சேதி. உள்ளே போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், உள்ளூர் ஆள் ஒருவரோடு போவது நல்லது. உள்ளே பேசாதீர்கள். வழியில் ஒரு இடத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் அசையாமல் இருந்தால், முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாகக் கத்தத் தொடங்கும், மலை அணில் கிளை தாவும், அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் முகத்துக்கு நேரே வந்து உட்காரும், இந்தக் குருவி மேற்குத் தொடர்ச்சி மலையையும் அதை ஒட்டிய குன்றுகளையும் விட்டு வேறெங்கும் இல்லை. செப்டம்பரில் அட்டை இருக்கும். பேன்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு, ஒரு துணி முடிச்சில் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல் நகத்தால் அதன் வாயை ஓரமாகத் தள்ளினால் விட்டுவிடும், கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

கேத்தரின் அருவிக்கு அரவேணு பக்கம் போக வேண்டும், சுமார் எட்டு கிலோமீட்டர். மழை முடிந்த நேரம் என்பதால் தண்ணீர் இருக்கும். இங்கே இருந்து பார்ப்பது அருவியின் மேல்பகுதிதான், முழு உயரமும் தெரிய வேண்டுமென்றால் எதிரே குன்னூர் பக்கம் டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனைக்குப் போக வேண்டும், அங்கே கூட்டம். நான் போக மாட்டேன். பாறை வழுக்கும், தண்ணீருக்கு மிக அருகில் இறங்க வேண்டாம்.

மழை விடாமல் பெய்யும் நாளுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: கன்னேரிமுக்கில் இருக்கும் சல்லிவன் பங்களா. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து முதலில் வீடு கட்டியது இங்கேதான், ஊட்டியெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. பெத்தக்கல் பங்களா என்று உள்ளூரில் சொல்வார்கள். இப்போது நினைவகமாக்கி, பழைய படங்களும் மலைவாழ் மக்கள் பற்றிய விவரங்களும் வைத்திருக்கிறார்கள். அரை மணி நேர வேலை. சுற்றிலும் இருப்பவை படுக ஊர்கள். வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும், ஊர்ப் பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடங்கள், கேட்காமல் வீட்டையோ ஆட்களையோ படம் எடுக்காதீர்கள், கோயிலுக்குள் நுழைவதற்கு முன் அனுமதியும் கேளுங்கள். தங்கும் வீட்டில் சமைப்பவர் படுகராக இருந்தால் ராகிக் களியும் அவரைக் குழம்பும் செய்து தர முடியுமா என்று முந்தின நாளே கேட்டுப் பாருங்கள். ஹோட்டல் மெனுவில் அது இருக்காது, குளிருக்கு அதுபோல ஒன்று கிடையாது. சாயங்காலத்துக்கு டீயும், மொறுமொறு பிஸ்கட் மாதிரி இருக்கும் வர்க்கியும். வர்க்கியை டீயில் முக்கித்தான் சாப்பிட வேண்டும், வெறும் வாயில் கடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

போன் விஷயம். பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிய வீடுகளில் சிக்னல் வந்து வந்து போகும், சிலருக்கு அதுவே வரப்பிரசாதம். ஆனால் வயதானவர்கள் வீட்டில் இருந்தால் எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்து வையுங்கள். மாத்திரைகள் நாலு நாளைக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாக இருக்கட்டும். கையில் ரொக்கமும் கொஞ்சம். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் இரண்டாவது நாள் மதியம் ‘போர் அடிக்குது’ என்று ஆரம்பிப்பார்கள், பல்லாங்குழியோ தாயமோ கேரம் போர்டோ ஏதாவது ஒன்று வண்டியில் இருக்கட்டும். அப்படியும் அடங்காவிட்டால் அவர்களுக்காக ஒரே ஒரு நாள் ஊட்டி போய்வரலாம், 30 கிலோமீட்டர்தான், காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

வானிலை அறிக்கையில் நீலகிரிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், ரூம் முன்பணம் போனாலும் பரவாயில்லை. மேலே இருக்கும்போது வந்தால் வீட்டிலேயே இருங்கள், மலைச்சாலையில் மழையோடு இறங்காதீர்கள். மண் சரிந்து பாதை அடைபட்டால் குன்னூர் வழி திறந்திருக்கிறதா என்று போலீஸிடமோ பஸ் ஸ்டாண்டிலோ கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், கூகுள் மேப் சொல்லும் எஸ்டேட் குறுக்கு வழிகளில் நுழைய வேண்டாம்.

தேயிலைத் தூள் வாங்குகிறவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்காமல், முதல் நாளே கால் கிலோ வாங்கி அங்கேயே போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, பிடித்தால் ஊருக்கு வாங்குங்கள். பாலில் போட்டுக் கொதிக்க வைக்க சி.டி.சி. தூள், பால் இல்லாமல் குடிக்க ஆர்தடாக்ஸ் இலை. தேன் வேண்டுமென்றால் பழங்குடியினரிடமிருந்து வாங்கி விற்கும் கடைகள் டவுனில் இருக்கின்றன, ரோட்டோரத்தில் வாளியில் வைத்து விற்பதை வாங்காதீர்கள்.

இறங்குவது வெள்ளிக்கிழமை காலை. அன்று மதியத்திலிருந்து வார இறுதிக் கூட்டம் எதிரே ஏறிவரும், அதற்கு முன் நீங்கள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிட வேண்டும். எக்காரணம் கொண்டும் புரட்டாசி சனிக்கிழமை இறங்காதீர்கள். கோவை போகும் வழியில் காரமடை இருக்கிறது, ரங்கநாதரைப் பார்க்க வந்த கூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும்.